தினாபாஙாய் என்றொரு சொல்

புது ஊருக்குக் குடிபோகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் சொற்கள் எங்கும் ஒன்றுதான்: எவ்வளவு, எங்கே, தண்ணீர், போதும். நம் சங்கத்து அன்பர்கள் எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும். டிப்ளமா முடித்து, 1981-ல் ரயில்வே வேலைக்காகக் கரக்பூரில் வந்து இறங்கியபோது எனக்கும் ‘கொதோ’, ‘கொதாய்’, ‘ஜொல்’ என்ற மூன்று வங்காளிச் சொற்களே முதல் மாதச் சொத்து. இவை வயிற்றுப்பாட்டுச் சொற்கள். கற்றுத்தர வாத்தியார் வேண்டாம். பசியும் தாகமுமே போதும்.

இன்னொரு வகைச் சொற்கள் உண்டு. ஒரு சமூகம் தன்னைத்தான் எப்படி நினைத்துக்கொள்கிறது என்று காட்டுகிற சொற்கள். அவை சுலபத்தில் கைக்கு வருவதில்லை. அகராதியைப் புரட்டினால் பாதிதான் விளங்கும். அந்தச் சொல் நடமாடும் தெருவில் நாமும் நடமாடினால்தான் மீதி விளங்கும். பணி ஓய்வுக்குப் பிறகு, அறுபத்தைந்தாம் வயதில், எனக்கு அப்படி ஒரு சொல் கிடைத்தது. பிலிப்பைன்ஸ் நாட்டின் செபுவானோ மொழியில் ‘தினாபாஙாய்’ என்பார்கள். ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளுதல் என்று பொருள். ‘இதில் என்ன புதுமை, நம்மிடம் இல்லாததா?’ என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

செபுவும் அதன் மொழியும்

என் மருமகனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. 2019-ல் அவரைச் செபு நகருக்கு மாற்றினார்கள். மகளும் பேத்தியும் உடன் போனார்கள். 2023-ல் நானும் என் மனைவியும் அங்கே போய் மூன்று மாதம் தங்கினோம்.

பிலிப்பைன்ஸ் 7,641 தீவுகள் கொண்ட நாடு. அதன் நடுப்பகுதியில் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது செபுத் தீவு. நீளம் சுமார் 200 கிலோமீட்டர். அகலம் அதிகமாகப் போனால் 32 கிலோமீட்டர். மேற்கு வழியாக வாசனைத் தீவுகளுக்குப் புறப்பட்ட மெகல்லன் 1521-ல் வந்து சேர்ந்தது இங்கேதான். பக்கத்தில் இருக்கும் மக்தான் தீவில் லாபுலாபு என்ற தலைவனின் ஆட்களால் அவர் கொல்லப்பட்ட கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம்.

செபுவானோ மொழியைச் சுமார் இரண்டு கோடிப் பேர் பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் ‘பிசாயா’ என்றே சொல்கிறார்கள். நாட்டின் தேசிய மொழி தகாலோக் மொழியை அடிப்படையாகக் கொண்டது. அது வேறு, இது வேறு. செபு, பொஹோல் தீவுகளிலும் தெற்கே மிந்தனாவோவின் பெரும்பகுதியிலும் செபுவானோதான். மருத்துவம் படிக்கத் தாவாவ் நகருக்குப் போகும் நம் பிள்ளைகள் அங்கே கடைத்தெருவில் கேட்பதும் இதே மொழிதான். ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள்.

செபுவை நிறுவியவன் சோழர் வழிவந்த இளவரசன் என்று அங்கே ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. அதைக் கேட்டதும் நமக்கு நெஞ்சு நிமிரும். ஆனால் அதற்குக் கல்வெட்டோ செப்பேடோ கிடையாது. மெகல்லனை வரவேற்ற ஹுமாபோன் என்ற மன்னனுக்கு ‘ராஜா’ என்ற பட்டம் இருந்ததும், தேவதையை அவர்கள் ‘திவாதா’ என்பதும் உண்மை. மலாய் நாடுகள் வழியாக வடசொற்கள் கடல் கடந்து போயிருக்கின்றன, அவ்வளவுதான். தினாபாஙாய் அந்த மண்ணிலேயே முளைத்த சொல். அதில் தமிழ் வேர் தேடிப் புறப்பட வேண்டாம் என்று அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நமக்கு வசதி உண்டு. செபுவானோவில் ‘ங’ என்ற ஒலி தாராளமாகப் புழங்குகிறது. பெயருக்கு ‘ஙாலான்’, ஏன் என்பதற்கு ‘ஙானோ’. மற்ற நாட்டார் பலர் இந்த ஒலியைச் சொல்லின் தொடக்கத்தில் வைத்துச் சொல்லத் திணறுவார்கள். நமக்கு எழுத்தே இருக்கிறது. ‘அங்ஙனம்’, ‘இங்ஙனம்’ போன்ற ஒன்றிரண்டு சொற்களைத் தவிர நாம் அதை எடுத்து ஆள்வதில்லை என்பதுதான் வேடிக்கை. தனக்கு வேலை இல்லாவிட்டாலும் ஙா, ஙி, ஙீ என்று தன் வரிசை முழுவதையும் விடாமல் தாங்கி நிற்கிற எழுத்து என்று சொல்லி, அதுபோலச் சுற்றத்தைத் தழுவி வாழ வேண்டும் என்பதற்கு ஔவையார் இந்த எழுத்தைத்தான் உதாரணமாகக் காட்டினார் என்று உரை சொல்வார்கள். ஆத்திசூடி படித்த என் மனைவிக்கு இது உடனே நினைவுக்கு வந்தது. அந்த எழுத்து இந்தச் சொல்லில் வந்து உட்கார்ந்திருப்பதும் பொருத்தம்தான்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால்

பொறியாளன் கையில் எதைக் கொடுத்தாலும் கழற்றிப் பார்ப்பான். எனக்குச் செபுவானோ சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு அம்மாள், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. என்னை ‘லோலோ’, அதாவது தாத்தா, என்று கூப்பிடுவார். அவருக்கும் என் வயதுதான்!

‘தாபாங்’ என்றால் உதவி. ஆபத்தில் மாட்டிக்கொண்டவன் உரக்கக் கூவுவதும் ‘தாபாங்!’ என்றுதான். இதுதான் வேர்ச்சொல். இதன் முதல் மெய்யை அடுத்து ‘இன்’ என்ற உறுப்பை நுழைத்து, கடைசியில் ‘ஆய்’ என்ற விகுதியைச் சேர்க்கிறார்கள். த் + இன் + ஆபாங் + ஆய். கூட்டிப் பாருங்கள், தினாபாஙாய் வந்துவிடும். தமிழிலும் இடைநிலை உண்டு; ஆனால் அது பகுதிக்குப் பின்னால்தான் வரும். இவர்களோ வேரின் வயிற்றைக் கீறி உள்ளே வைக்கிறார்கள்.

இந்த அச்சில் வார்த்த சொற்கள் இன்னும் பல. ‘ஸும்பாக்’ என்றால் குத்து. ‘ஸினும்பாகாய்’ என்றால் இருவர் மாறி மாறிக் குத்திக்கொள்ளும் சண்டை. ‘தாபி’ என்றால் பேச்சு, வம்பு. ‘தினாபியாய்’ என்றால் உட்கார்ந்து அரட்டை அடிப்பது. உதவியும் சண்டையும் அரட்டையும் ஒரே அச்சு! மூன்றுக்கும் என்ன பொதுக் குணம்? ஒருவராகச் செய்ய முடியாது என்பதுதான். ஒருவன் மட்டும் குத்தி, மற்றவன் வாங்கிக்கொண்டே இருந்தால் அது அடி, சண்டை ஆகாது. ஒருவர் மட்டும் பேசிக்கொண்டே இருந்தால் அது சொற்பொழிவு, அரட்டை ஆகாது. அதேபோல் ஒருவர் மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது தாபாங்தான், தினாபாஙாய் ஆகாது.

தமிழில் ‘ஒருவருக்கொருவர்’ என்று தனியாக ஒரு சொல்லை முன்னால் போட வேண்டியிருக்கிறது. அவசரத்தில் அதை விட்டுவிட்டால் ‘உதவி’ மட்டும் மிஞ்சும். அது கொடுப்பவன், வாங்குபவன் என்று இரண்டு படியாகப் பிரிந்து நிற்கும். செபுவானோவில் அந்த ‘ஒருவருக்கொருவர்’ சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. கழற்றி எறிய முடியாது.

இலக்கணம் இவ்வளவுதான். ஆனால் என் மகள் எனக்கு முன்பே, இலக்கணம் தெரியாமலேயே, இந்தச் சொல்லைக் கற்றிருந்தாள்.

ஓர் உபரி சிலிண்டர்

2021 டிசம்பர் 16-ஆம் தேதி இரவு செபுவைப் பெரும்புயல் ஒன்று தாக்கியது. உலக வழக்கில் அதற்கு ‘ராய்’ என்று பெயர். பிலிப்பைன்ஸ் மக்கள் ‘ஓதெத்’ என்றார்கள். நாடு முழுவதும் சுமார் 400 பேர் இறந்தார்கள். செபுவில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. மின்சாரம் திரும்ப வாரக்கணக்காயிற்று. மின்சாரம் இல்லாததால் தண்ணீர் இல்லை. செல்பேசிக் கோபுரங்களும் ஊமையாகிவிட்டன. குடிநீர்க் கடை, பெட்ரோல் பங்க், பணம் எடுக்கும் இயந்திரம் என்று எங்கும் மைல் நீளத்துக்கு வரிசை.

கரக்பூரில் எங்களுக்கு ஐந்து நாள் ஒரு செய்தியும் இல்லை. தொலைக்காட்சியில் காட்டிய படங்களில் எங்கள் பேத்தி முகம் தெரியுமா என்று என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாம் நாள் மகளிடமிருந்து அழைப்பு வந்தது. எல்லோரும் நலம்; கூரைத் தகடு ஒன்று பறந்ததோடு சரி. அதன்பிறகு அவள் சொன்னது இது:

“புயலுக்கு மறுநாள் கேன் தண்ணீர் எல்லாம் தீர்ந்து போச்சுப்பா. பக்கத்து வீட்டு அம்மாவும் அவங்க பையனும் எங்கேயோ அடிபம்பில் பிடிச்சு ரெண்டு கேன் தூக்கிட்டு வந்து வாசல்ல வச்சாங்க. எனக்கு வெட்கமா இருந்தது. வாங்கிக்கிறதா வேண்டாமான்னு தெரியலை. திருப்பிக் கொடுக்க என்கிட்ட என்ன இருக்குன்னு நின்னேன். அவங்க அடுப்படியை எட்டிப் பார்த்தாங்க. சிலிண்டர் ரெண்டு இருக்கே, எங்க அரிசியையும் இதுல பொங்கிக் கொடுன்னு கேட்டாங்க.”

உபரி சிலிண்டர் இல்லாமல் எந்தத் தமிழ்க் குடும்பம் வெளியூரில் இருந்திருக்கிறது? அந்தத் தெருவில் மற்ற வீடுகளில் எரிவாயு தீர்ந்துபோய்க் கடையும் மூடிக் கிடந்தது. அன்று முதல் ஒன்பது நாள் ஐந்து வீட்டு அரிசி என் மகளின் அடுப்பில் வெந்தது. கூடவே ஒரு பெரிய பாத்திரம் பருப்பு. தெருப் பிள்ளைகள் அதற்கு ‘மஞ்சள் சூப்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். தண்ணீர் தெருக்காரர்கள் பொறுப்பு, அடுப்பு இவள் பொறுப்பு. கூரைத் தகட்டை ஒரு வீட்டுக்காரர் ஏறி அடித்துக் கொடுத்தார்.

கடைசி நாள் மகள் நன்றி சொன்னபோது அந்த அம்மாள், “நன்றி எதற்கு? இது தாபாங் இல்லை, தினாபாஙாய்” என்றாராம்.

அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதல் நாளே அந்த அம்மாள் சிலிண்டரைக் கேட்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என் மகள் வெளிநாட்டு அகதி போல அந்தத் தெருவில் உதவி வாங்கிக்கொண்டு இருந்திருப்பாள். அவர்கள் கேட்டதால் அவள் தெருக்காரி ஆனாள். கொடுத்தது தண்ணீர்தான், ஆனால் பெரிய உபகாரம் அந்தக் கேட்டல்.

வயலிலும் சாவு வீட்டிலும்

ரயில்வேக்காரன் எங்கே போனாலும் கண் தண்டவாளத்தைத் தேடும். செபுவில் ரயில் கிடையாது. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. அமெரிக்கர்கள் ஆண்டபோது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வடக்கே தனாவோ ஊரிலிருந்து செபு நகர் வழியாகத் தெற்கே அர்காவோ வரை மூன்றடி ஆறங்குல அகலத்தில் பாதை போட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் அது அழிந்தது. மறுபடி போடவே இல்லை. அந்தப் பாதை போன கார்கார் ஊர்ப் பக்கந்தான் ஆசிரியை அம்மாள் பிறந்த கிராமம். அவரோடு ஒருநாள் போனோம்.

செபுவின் மண் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல் மேடு. நெல்லைவிட மக்காச்சோளம்தான் அதிகம். அதைக் குருணையாக உடைத்துச் சோறு போலப் பொங்கிச் சாப்பிடுவது பழைய வழக்கம். இந்த நிலத்தில் மழை விழுந்ததும் உழுதாக வேண்டும்; தாமதித்தால் ஈரம் போய்விடும். தனி ஒருவன் தன் துண்டு நிலத்தை உழுது முடிப்பதற்குள் பருவம் தவறிவிடும். அதனால் ஏற்பட்ட ஏற்பாட்டுக்கு ‘ஹுங்லோஸ்’ என்று பெயர். பத்துப் பேர் சேர்ந்து இன்று ஒருவன் வயல், நாளை இன்னொருவன் வயல் என்று முறை வைத்து உழுவார்கள். கூலி இல்லை. எவன் வயலோ அவன் வீட்டில் சாப்பாடு. கணக்கு பணத்தில் இல்லை, நாளில் இருக்கும்: நீ எனக்கு ஒருநாள் தந்தாய், நான் உனக்கு ஒருநாள் தர வேண்டும். தினாபாஙாய் என்ற குணத்துக்கு இது வயல் உருவம்.

இன்னொரு உருவம் ‘தாயோங்’. தானம் என்பதில் வரும் ‘தா’ போல முதல் எழுத்தை ஒலிக்க வேண்டும். தனியாளால் தூக்க முடியாத பளுவைக் கழியில் கட்டி இரண்டு பேரோ பல பேரோ தோளில் சுமப்பது என்பது அதன் நேர்ப்பொருள். அதிலிருந்து, சாவு வீட்டின் பளுவை ஊரே சேர்ந்து சுமக்கும் ஏற்பாட்டுக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது. நாங்கள் போன அன்று அந்தக் கிராமத்தில் ஒரு முதியவர் இறந்து மூன்றாம் நாள். அங்கே உடனே அடக்கம் செய்வதில்லை. பல இரவுகள் உடலை வைத்து விழித்திருப்பார்கள். ஒரு பெண்மணி நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வீடு ஒரே அளவான சிறு தொகை, கொஞ்சம் அரிசி. சிலர் விறகு கொண்டு வந்தார்கள். இரவு முழுவதும் வருகிறவர்களுக்குக் காப்பி, பிஸ்கோத்து. முற்றத்தில் சீட்டாட்டம் கூட நடந்தது. நமக்கு அது விநோதமாகத் தெரியும். ஆனால் ஆட்டத்தில் ஜெயித்த பணத்தில் ஒரு பங்கு துக்க வீட்டுக்குப் போகிறது, விழித்திருக்கத் துணையும் கிடைக்கிறது.

நம் மொய் நினைவுக்கு வரும். மொய்யிலும் நோட்டு உண்டு, திருப்பிச் செய்யும் கடமை உண்டு. ஆனால் மொய்யில் அவன் ஆயிரம், இவன் ஐயாயிரம் என்று கௌரவம் புகுந்துவிடும். நான் பார்த்த தாயோங்கில் எல்லோருக்கும் ஒரே தொகை. மாடி வீட்டுக்காரரும் அதே, மீன் பிடிக்கிறவரும் அதே. நாளைக்கு யார் வீட்டுச் சாவுக்கும் அதே நோட்டுத்தான்.

இந்தத் தோள் சுமையின் கணக்கு எனக்குப் புதிதல்ல. தண்டவாளப் பிரிவில் என் காலம் முழுவதும் கேங்மேன்களோடு கழிந்தது. மீட்டருக்கு 52 கிலோ எடையுள்ள தண்டவாளம் 13 மீட்டர் நீளத்துக்கு 676 கிலோ. இயந்திரம் இல்லாத இடத்தில் அதை இடுக்கி போட்டுக் கையால்தான் நகர்த்துவார்கள். ஒருவன் குரல் கொடுப்பான், மற்றவர்கள் பதில் கொடுத்துக்கொண்டே ஒரே அடியாக வைப்பார்கள். யாராவது ஒருவன் கையை விட்டால் அவன் பங்கு காணாமல் போவதில்லை. பக்கத்தில் இருப்பவன் முதுகில் ஏறுகிறது. உயரமானவனும் குட்டையானவனும் ஒரே கழியைத் தூக்கினால் பளு சரிந்து குட்டையானவன் பக்கம் வரும். ஆகவே ஆள் பார்த்து இணை சேர்ப்பது மேட்டின் பொறுப்பு. சேர்ந்து சுமப்பது நல்ல மனம் மட்டும் அல்ல, அன்பர்களே; அதற்கு ஒழுங்கு வேண்டும், குரல் கொடுக்க ஆள் வேண்டும், கணக்கு வைக்க நோட்டு வேண்டும்.

சொல்லின் நிழல்

எல்லாம் தேனும் பாலும் என்று எழுதிவிட்டால் அது உண்மையாகாது.

சேர்ந்து உழைப்பது என்பதன் பெயரால் ஆட்சியாளர்கள் செய்த அநியாயமும் அந்த நாட்டுச் சரித்திரத்தில் இருக்கிறது. ஸ்பானியர் காலத்தில் 16 வயது முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு 40 நாள் கட்டாய வேலை செய்ய வேண்டியிருந்தது. சாலை, பாலம், கப்பல் கட்டும் துறை எல்லாம் அப்படி எழுந்தவை. 1884-ல்தான் அது 15 நாளாகக் குறைந்தது. பார்ப்பதற்கு அதுவும் நூறு பேர் சேர்ந்து செய்யும் வேலைதான். ஆனால் அதில் ‘ஆய்’ விகுதி இல்லை. திரும்பி வருவது ஒன்றும் இல்லை.

இன்னொன்று நன்றிக்கடன். செபுவானோவில் ‘ஊத்தாங் கபுபுத்ஓன்’ என்பார்கள். ஊத்தாங் என்றால் கடன். செய்ந்நன்றி அறிதலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருப்பதால் நமக்கு இது எளிதில் புரியும். ஆனால் அடைக்க முடியாத கடன் மனிதனை வளைத்துவிடும். ஒருமுறை ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டிய பெரிய மனிதர் வாழ்நாள் முழுவதும் அந்த வீட்டு வாக்குகளை வாங்கிக்கொண்டு போவது அங்கேயும் உண்டு. ஆசிரியை அம்மாள் இதை ஒளிக்காமல் சொன்னார். தினாபாஙாயில் கடன் நிற்பதில்லை. கை மாறிக்கொண்டே இருக்கும். வித்தியாசம் அங்கேதான்.

மேலும், அக்கம்பக்கத்தார் அரிசி பொங்கலாம். மின்கம்பம் நட முடியாது. 2021 புயலுக்குப் பிறகு மற்றத் தீவுகளின் மின்சாரக் கூட்டுறவுச் சங்கங்கள் தங்கள் லைன்மேன்களை வண்டி, ஏணியோடு அனுப்பி வைத்தன. அந்த ஏற்பாட்டின் பெயரில் ‘கபாதித்’ என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறார்கள். தகாலோக்கில் உடன்பிறப்பு என்று பொருள். 1999 அக்டோபர் 29-ல் ஒடிசாவைச் சூப்பர் புயல் தாக்கியபோது பாதை சீரமைப்பில் நானும் இருந்தேன். வேற்று டிவிஷன் ஆட்கள் வந்து இறங்கியபோது எங்களுக்கு வந்த தெம்பு நன்றாக நினைவிருக்கிறது. அரசாங்கம் செய்ய வேண்டியதைத் தெருக்காரர்கள் தலையில் கட்டுவது நியாயம் ஆகாது. ஆனால் அரசாங்கம் வந்து சேரும் வரையிலான முதல் சில நாட்கள் தெருவுக்குத்தான் சொந்தம்.

ஹுங்லோஸ் குறைந்து வருகிறது. கூலிக்கு ஆள், வாடகைக்கு இயந்திரம் என்று ஆகிவிட்டது. பிலிப்பைன்ஸ் மக்களில் சுமார் ஒரு கோடிப் பேர் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். உழ வர வேண்டியவன் பாலைவன நாட்டிலிருந்து பணம் அனுப்புகிறான். ஆனாலும் வேர் பட்டுப்போகவில்லை. 2025 செப்டம்பர் 30-ஆம் தேதி இரவு வடக்குச் செபுவில் 6.9 அளவு நிலநடுக்கம் வந்து எழுபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தெற்கே இருந்த மக்கள் தண்ணீரும் அரிசியும் ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பினார்கள். ஐந்து வாரம்தான் ஆயிற்று. நவம்பர் 4-ஆம் தேதி கல்மேகி புயலின் வெள்ளம் செபு நகர்ப் பக்கத்தையே அடித்தது. செபுவில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. இந்த முறை வெள்ளம் வந்தது, வடக்குக்கு உதவி அனுப்பிய தெற்குப் பகுதிக்கு. இலக்கணத்தில் படித்ததை இயற்கை இப்படியா உதாரணம் காட்ட வேண்டும்!

நமக்கு என்ன?

இங்கே கரக்பூர் பக்கம் நம் சங்கம் செய்யும் நல்ல காரியங்களுக்குக் குறைவில்லை. பொங்கல் விழா, மாணவர் பரிசு, ரத்ததானம், ஊரிலிருந்து வேலை தேடி வரும் பையன்களுக்குத் தங்க இடம். ‘என்ன உதவி வேண்டுமானாலும் கேளுங்கள்’ என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறோம். யாரும் கேட்பதில்லை.

ஏன் கேட்பதில்லை? கொடுக்கக் கற்ற அளவுக்கு நாம் கேட்கக் கற்கவில்லை. பிறர் கையை எதிர்பார்க்காமல் வாழ வேண்டும் என்று சொல்லித்தானே நம் பெற்றோர் நம்மை ரயில் ஏற்றி அனுப்பினார்கள்? சொந்த ஊரை விட்டு வந்தவனுக்கு அந்த வைராக்கியம் வேண்டியதுதான். முப்பது வயதில் அது முதுகெலும்பு. எழுபது வயதில் அதுவே சிறை.

கண் முன்னால் பாருங்கள். காலனியில் ஒன்றாக இருந்தவர்கள் ஓய்வுக்குப் பின் ஊரின் நான்கு மூலையில் வீடு கட்டிப் போய்விட்டோம். பிள்ளைகள் பெங்களூரிலும் பாஸ்டனிலும். பல வீடுகளில் வயதான இருவர். சில வீடுகளில் ஒருவர். போன ஆண்டு நம் அன்பர் ஒருவர் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பிய பிறகுதான் அந்தச் செய்தியே நமக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் அவர் மனைவி பதினோரு நாள் தனியாக இருந்திருக்கிறார். ‘எல்லோருக்கும் அவரவர் வேலை இருக்கும், எதற்குத் தொந்தரவு’ என்று நினைத்தாராம். இவர்தான் நம் ஒவ்வொரு விழாவிலும் முந்நூறு பேருக்குச் சமையலை மேற்பார்வை பார்க்கிறவர்!

செயற்குழுவுக்கு என் யோசனை ஒன்று. சங்கத்தில் ஒரு நோட்டுப் போடுவோம். குடும்பத்துக்கு ஒரு பக்கம். பக்கத்துக்கு இரண்டு பத்தி. முதல் பத்தி, ‘எங்களால் செய்ய முடிந்தது’. கார் ஓட்டுவது, வங்கிக்கு உடன் போவது, பத்தியச் சாப்பாடு சமைப்பது, இந்தியிலோ வங்காளியிலோ மனு எழுதித் தருவது, சும்மா வந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பது, எதுவானாலும் சரி. இரண்டாம் பத்தி, ‘எங்களுக்கு வேண்டியது’. நிபந்தனை ஒன்றே ஒன்று: இரண்டாம் பத்தியைக் காலியாக விட்டுக் கொடுத்தால் முதல் பத்தியும் ஏற்றுக்கொள்ளப்படாது. எண்பது வயதுப் பாட்டிக்கும் முதல் பத்தியில் எழுத ஏதாவது இருக்கும். முப்பது வயது இளைஞருக்கும் இரண்டாம் பத்தியில் எழுத ஏதாவது இருக்கும். இல்லை என்பவர் யோசித்துப் பார்க்கவில்லை என்று பொருள்.

சாவுக்கும் இப்படியே ஓர் ஒழுங்கு வேண்டும். எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே சிறு தொகை, முதல் இரவு வந்து உடன் இருக்க முறைப்படி நான்கு பேர், ஊருக்குத் தகவல் சொல்ல ஒருவர், பிள்ளைகள் விமானம் பிடித்து வரும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர். பேச மங்கலமான விஷயம் இல்லைதான். ஆனால் வெளியூரில் வாழ்கிறவர்கள் மனத்தின் அடியில் இருக்கும் பயம் இதுதான் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நோட்டில் எழுதி வைத்துவிட்டால் பாதிப் பயம் போகும்.

பெயர் ‘தினாபாஙாய் நோட்டு’ என்றே இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. நல்ல தமிழ்ப் பெயராக யாராவது சொல்லட்டும். ‘உதவி நோட்டு’ என்று மட்டும் வேண்டாம்.

எங்கள் வீட்டுப் பக்கத்தை எழுதிச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். முதல் பத்தியில், கட்டட வேலை நடக்கும் வீடுகளில் மேஸ்திரியின் அளவையும் கணக்கையும் சரிபார்த்துத் தருவேன் என்றும், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லித் தருவேன் என்றும் எழுதினேன். இரண்டாம் பத்தியை எழுத எனக்கும் என் மனைவிக்கும் இரண்டு நாள் ஆயிற்று. கடைசியில் அவளே பேனாவை வாங்கி எழுதினாள்: ‘இரவில் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் வண்டியோடு ஓர் ஆள். வாரம் ஒருமுறை, தமிழில் பேசிக்கொண்டிருக்க யாராவது.’